துன்ஹுவாங் போய்ச் சேர: எந்த ரயில், எந்த ஸ்டேஷன், எந்த வழி

செப்டம்பர் மாதம், அதிகாலை ஐந்தரை மணி. இரவு முழுவதும் ரயிலில் படுத்து வந்த களைப்போடு பிளாட்பாரத்தில் இறங்கினேன். கும்மிருட்டு. காற்றில் நிலக்கரிப் புகையும் புழுதியும் கலந்த வாசனை. சோலை நகரம் என்று படித்திருந்ததால் தூரத்தில் மரங்களாவது தெரியும் என்று தேடினேன். விளக்குக் கம்பங்களுக்கு அப்பால் கறுத்த சரளைக் குன்றுகள் மட்டுமே நின்றன. பெயர்ப்பலகையில் இருந்தது ‘லியூயுவான்’. நான் போக வேண்டிய துன்ஹுவாங் அங்கிருந்து இன்னும் 130 கிலோமீட்டர்.

தவறு என்னுடையதுதான். டிக்கெட் தேடியபோது ‘துன்ஹுவாங்குக்கு அருகில்’ என்று செயலி காட்டிய வண்டி மலிவாக இருந்தது. ‘அருகில்’ என்றால் எவ்வளவு அருகில் என்று நான் கேட்கவில்லை. வெளியே ஒரு டாக்ஸிக்காரர் இரண்டு பயணிகளைப் பிடித்து வைத்திருந்தார். நான் மூன்றாவது. நான்காவது ஆள் வரும்வரை வண்டி நகராது. நம் ஊர் ஷேர் ஆட்டோவின் சட்டம் அங்கேயும் செல்லும் என்பது அன்று தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் அவர் டிக்கியிலிருந்து ஒரு முலாம்பழத்தை எடுத்துக் கால்சட்டையில் துடைத்து, பேனாக்கத்தியால் நான்காகக் கீறி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். அவ்வளவு இனிப்பான முலாம்பழத்தை அதற்கு முன்பு நான் தின்றதில்லை. அருகிலிருக்கும் குவாசோ என்ற ஊரின் பெயருக்கே ‘முலாம்பழ நாடு’ என்றுதான் பொருளாம்.

துன்ஹுவாங் போகிறவரைப் பாலைவனம் அலைக்கழிப்பதில்லை. சாலையும் தண்டவாளமும் விமானமும் அங்கே நன்றாகவே இருக்கின்றன. அலைக்கழிப்பவை ஸ்டேஷன் பெயர்களும், எதை முதலில் முன்பதிவு செய்வது என்ற குழப்பமும்தான். அந்த இரண்டையும் தீர்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஊர் இருக்கும் இடம்

சீனாவின் கான்சு மாகாணத்தின் மேற்கு ஓரத்தில், கோபிப் பாலைவனமும் தக்லமாக்கான் பாலைவனத்தின் விளிம்பும் நெருங்கும் இடத்தில் துன்ஹுவாங் இருக்கிறது. தெற்கே சீலியன் மலைத்தொடர். அதன் பனி உருகி வரும் தாங் ஆறுதான் ஊருக்கு உயிர். ஆறு பாயும் வரை பருத்தி, திராட்சை, ஆப்ரிகாட் தோட்டங்கள். அது நின்ற இடத்தில் சரளையும் மணலும்.

கி.மு. 111-ல் ஹான் பேரரசர் வூ இதை எல்லைப்புற ஆட்சிப் பிரிவாக அமைத்தார். கிழக்கிலிருந்து வரும் பட்டுப்பாதை இங்கே வந்து பிரிந்து, தக்லமாக்கானை வடக்காகவும் தெற்காகவும் சுற்றிச் சென்றது. பாலைவனத்துக்குள் இறங்குமுன் தண்ணீரும் ஒட்டகமும் துணையும் சேர்த்துக்கொள்ளும் கடைசிப் பெரிய ஊர் இது. கி.பி. 366-ல் லெ ஸுன் என்ற துறவி குடைந்த முதல் குகையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் தொடர்ந்து குடையப்பட்டவைதான் மொகாவ் குகைகள். 735 குகைகளில் 492-ல் ஓவியங்களும் சிற்பங்களும் உள்ளன. 1987 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம்.

நமக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு யுவான் சுவாங். பல்லவர் காலத்துக் காஞ்சிபுரம் வரை வந்தவர், தாயகம் திரும்பும் வழியில் துன்ஹுவாங்கைக் கடந்துதான் 645-ல் தலைநகர் சாங்கானை அடைந்தார். அந்தச் சாங்கான்தான் இன்றைய ஷீஆன். போகும்போது அவர் குவாசோவிலிருந்து ஹாமி என்ற சோலை ஊரை நோக்கிப் பாலைவனத்தைத் தனியாகக் கடந்தார். தோல் தண்ணீர்ப் பை கைதவறிக் கொட்டிப்போக, நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போனார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஏறத்தாழ அதே திசையில் இன்று அதிவேக ரயில் ஒரு மணி நேரச் சொச்சத்தில் போய்விடுகிறது. பெட்டிக்குப் பெட்டி வெந்நீர்க் குழாயும் உண்டு.

முதல் படி: குகை டிக்கெட், பிறகுதான் பயண டிக்கெட்

பெரும்பாலானோர் விமானம், ரயில், விடுதி எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாகக் குகை டிக்கெட்டைத் தேடுகிறார்கள். இந்த ஊரைப் பொறுத்தவரை வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். மொகாவ் குகைகளுக்கான டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணோடு, நாளும் நேரமும் குறித்து விற்கப்படுகிறது. ஒரு மாதம் முன்பே விற்பனை திறக்கும். ‘ஏ’ வகை டிக்கெட் ஒரு நாளைக்கு 6,000 மட்டுமே. கோடையில் 238 யுவான். இதில் இரண்டு படக்காட்சிகளும், வழிகாட்டியோடு எட்டுக் குகைகளும் அடங்கும். அது தீர்ந்தால் ‘பி’ வகை: 100 யுவான், நான்கு குகைகள், படக்காட்சி கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் ‘ஏ’ வகை சில நாட்களில் திறந்த வேகத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

எனவே குகைக்கு உத்தேசமாக ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கையில் வந்ததும் அதை அச்சாக வைத்து, அதற்கு முந்தைய நாள் ஊர் சேர்வதுபோல் ரயிலைப் பாருங்கள். சீன ரயில் டிக்கெட் புறப்பாட்டுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்புதான் விற்பனைக்கு வரும் என்பதால் இந்த வரிசை இயல்பாகவே பொருந்தும். காலை ரயிலில் இறங்கி அன்றே குகைக்குப் போவது என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். வண்டி தாமதமானால் குகை நேரம் போய்விடும். தாமதமாகாவிட்டாலும், தூங்காத கண்ணோடு ஆயிரம் ஆண்டு ஓவியத்தைப் பார்ப்பது அதற்குச் செய்யும் மரியாதை அல்ல.

எந்த மாதம் என்றால், மே நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை அல்லது செப்டம்பர் என்பேன். மார்ச் முதல் மே தொடக்கம் வரை புழுதிப் புயல் வரும், விமானங்கள் ரத்தாகும். ஜூலை, ஆகஸ்டில் வெயிலோடு சீனப் பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேரும். அக்டோபர் 1 முதல் 7 வரை தேசிய விடுமுறை. அந்த வாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தவிர்க்கலாம். குளிர்காலத்தில் கூட்டம் இல்லை, கட்டணமும் குறைவு. ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி போகும், விமானங்களும் குறைந்துவிடும்.

இரண்டாவது படி: விசாவும் பெயர்ச் சிக்கலும்

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசா வேண்டும். சென்னையில் சீனத் துணைத் தூதரகம் இல்லை. எனவே விண்ணப்பம் எந்த ஊர் மையத்துக்குப் போக வேண்டும், நேரில் வர வேண்டுமா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பல நாட்டுக்காரர்களுக்குச் சீனா தரும் விசா இல்லாத இடைத்தங்கல் சலுகை இந்தியக் கடவுச்சீட்டுக்குக் கிடையாது. இணையத்தில் அதைப் பற்றிப் படித்துவிட்டு விமானம் ஏறிவிடாதீர்கள்.

தமிழர்களுக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. நம் பெயர்களில் குடும்பப்பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அந்தக் கட்டம் காலி, சிலருக்கு அப்பா பெயர், சிலருக்கு முதலெழுத்து விரிந்து இரண்டு சொல்லாகியிருக்கும். சீனாவில் ரயில், விமானம், குகை, விடுதி எல்லாமே பாஸ்போர்ட்டை வைத்துத்தான். விசாவில் எந்த வரிசையில், எந்த எழுத்துக்கூட்டலில் பெயர் இருக்கிறதோ, அதையே எல்லா இடத்திலும் தட்டச்சு செய்யுங்கள். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்து மாறினால் ரயில் நிலைய வாசலிலேயே நின்றுவிடுவீர்கள்.

மூன்றாவது படி: சீனாவுக்குள் எங்கே இறங்குவது

என் பரிந்துரை ஷீஆன். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஷீஆனுக்கு நேரடி விமானங்கள் உண்டு. சென்னை, திருச்சி, கொழும்பிலிருந்து அந்த இரண்டு ஊர்களுக்கும் விமானத்துக்குப் பஞ்சமில்லை. எனவே ஒரே மாற்றத்தில் ஷீஆன் போய்விடலாம். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே நின்றுபோயிருந்த நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் கொல்கத்தா–குவாங்சோ வழித்தடத்தில் மீண்டும் தொடங்கின, தில்லியிலிருந்தும் உண்டு. குவாங்சோவிலோ ஷாங்காயிலோ இறங்கினால், அங்கிருந்து ஷீஆனுக்கோ கான்சுவின் தலைநகரான லான்சோவுக்கோ உள்நாட்டு விமானம் எடுக்கலாம்.

பெய்ஜிங்கில் இறங்கினால் துன்ஹுவாங்குக்கு நேர் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல். தவறில்லை. ஆனால் ஷீஆனில் தொடங்கினால் பட்டுப்பாதையின் கிழக்கு முனையிலிருந்தே போகிறீர்கள். யுவான் சுவாங் கொண்டுவந்த சுவடிகளுக்காகக் கட்டப்பட்ட பெரிய காட்டு வாத்துப் பகோடா அங்கேதான் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு மேற்கே கிளம்புவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

நான்காவது படி: ஸ்டேஷன் பெயர்களைத் தெரிந்துகொள்வது

இதைத்தான் மெதுவாகப் படிக்க வேண்டும். துன்ஹுவாங் போகிறவர் கண்ணில் மூன்று ஸ்டேஷன் பெயர்கள் படும்.

*துன்ஹுவாங்*: 2006-ல் திறக்கப்பட்ட, ஊரின் சொந்த ஸ்டேஷன். நகர மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் கிழக்கே, விமான நிலையத்துக்குப் பக்கத்தில். உங்களுக்கு வேண்டியது இதுதான்.

*லியூயுவான்*: லான்சோ–சின்ஜியாங் பழைய ரயில் பாதையில் உள்ள சிறு ஸ்டேஷன். ஊருக்கு 130 கிலோமீட்டர் வடக்கே. நான் ஏமாந்த இடம்.

*லியூயுவான் தெற்கு*: 2014 டிசம்பரில் திறந்த அதிவேகப் பாதையின் ஸ்டேஷன். பழைய லியூயுவானுக்குப் பக்கம்தான், ஆனால் தனிக் கட்டடம். இங்கிருந்தும் துன்ஹுவாங் இரண்டு மணி நேரச் சாலைப் பயணம்.

சீன ரயில் பெயர்களில் திசைதான் கடைசி அசை. வடக்கு ‘பெய்’, மேற்கு ‘ஷி’, கிழக்கு ‘தொங்’, தெற்கு ‘நான்’. டிக்கெட்டில் ‘லியூயுவான்நான்’ என்றிருந்தால் அது தெற்கு ஸ்டேஷன். தமிழனுக்கு மறக்கவே மறக்காத அசை. எந்த ஸ்டேஷன் என்று கேட்டால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். இதே விதிப்படி ஷீஆனில் அதிவேக ரயில்கள் பெரும்பாலும் ‘ஷீஆன்பெய்’யிலிருந்தும், லான்சோவில் ‘லான்சோஷி’யிலிருந்தும் கிளம்பும். லான்சோ என்று மட்டும் இருந்தால் அது பழைய ஸ்டேஷன். இரண்டுக்கும் இடையே ஊர் நெரிசலைக் கடந்து போக வேண்டும். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுவதாக இருந்தால் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

தேடும்போது முதலில் ‘துன்ஹுவாங்’ என்று மட்டும் போட்டுத் தேடுங்கள். நேரடி வண்டி, பகலோ இரவோ, உங்கள் நாளுக்குக் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். கிடைக்காதபோதுதான் லியூயுவான் தெற்கு. பழைய லியூயுவானைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பகலில் சேரும் வண்டியாக இருந்தால் மட்டும்.

ஐந்தாவது படி: ஷீஆனிலிருந்து தரைவழி

ஷீஆனிலிருந்து லான்சோ அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். லான்சோவில் ஓர் இரவு தங்குவது நல்லது. மஞ்சள் ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது. காலையில் நூடுல்ஸ் கடைகளில் மாவை இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து, கண்ணெதிரே நூலாக்குகிறார்கள். பரோட்டா மாஸ்டரின் கைவேகம் தெரிந்த நமக்குக்கூட வியப்புதான். ஆனால் அந்த நூடுல்ஸ் மாட்டிறைச்சிச் சாற்றில் வருவது. சைவர்கள் ‘வோ ச்சீ சூ’ (நான் சைவம்) என்ற மூன்று சொற்களை இங்கே தொடங்கிப் பயணம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

லான்சோவுக்கு மேற்கே ஹெஷி இடைவழி தொடங்குகிறது. தெற்கே சீலியன் மலை, வடக்கே பாலை, இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நீளமான ஒடுங்கிய நிலம். பட்டுப்பாதையின் கழுத்து இதுதான். அதிவேகப் பாதை லான்சோவிலிருந்து முதலில் ஷீனிங்குக்கு ஏறி, சீலியன் மலையைக் குடைந்து மறுபுறம் இறங்குகிறது. அங்குள்ள சுரங்கம் ஒன்று கடல் மட்டத்திலிருந்து 3,607 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். காது அடைக்கும், அவ்வளவுதான். ஜூலையில் மென்யுவான் பகுதியில் கடுகுப் பூக்கள் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சளாக விரிந்திருக்கும். மேற்கே போகும்போது இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். ஜாங்யேயைத் தாண்டிய பிறகு பனிமலை முழுக்க அந்தப் பக்கம்தான்.

லான்சோவிலிருந்து லியூயுவான் தெற்கு சுமார் ஆறு மணி நேரம். ஒரே மூச்சில் போகாமல், ஜாங்யேயில் ஒரு நாள், ஜியாயுகுவானில் ஒரு நாள் என்று உடைத்துப் போவதுதான் என் விருப்பம். ஜாங்யேயில் பல வண்ண மலைகளும், ஒரு பழைய கோயிலில் மிகப் பெரிய சயன புத்தரும் உண்டு. ஜியாயுகுவானில் 1372-ல் மிங் அரசு கட்டிய கோட்டை, அதாவது சீனப் பெருஞ்சுவரின் மேற்கு முனை. கோட்டையின் மேற்கு வாசலில் நின்றால் எதிரே ஒன்றுமே இல்லை. நாடுகடத்தப்பட்டவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் வெளியேறினார்களாம். ஜியாயுகுவானிலிருந்து துன்ஹுவாங் சாலை வழியே 370 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். நேரடி ரயில் கிடைத்தால் பஸ்ஸை விடுங்கள். பஸ்ஸில் போனால் குவாசோ பக்கம் காற்றாலைகள் வரிசையாக வரும். ஆரல்வாய்மொழியைப் பார்த்தவர்கள் அதைப் பல மடங்காகப் பெருக்கிக்கொள்ளலாம்.

லியூயுவான் தெற்கில் இறங்கினால் வாசலுக்கு வெளியே ஷேர் டாக்ஸிகளும் சிற்றுந்துகளும் நிற்கும். ஏறுமுன் கட்டணம் ஆளுக்கா வண்டிக்கா என்று விரலால் காட்டியாவது உறுதி செய்துகொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு இறங்கும் வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நான்காவது ஆள் கிடைக்காத இரவில், நான்கு பேரின் காசையும் நீங்களே கொடுக்க நேரும்.

இரவு வண்டி யாருக்கு

லான்சோவில் மாலையில் ஏறிக் காலையில் துன்ஹுவாங்கிலேயே இறங்கும் இரவு வண்டிகள் உண்டு. விடுதிச் செலவு மிச்சம், ஸ்டேஷன் குழப்பம் இல்லை, ஆனால் ஹெஷி இடைவழி முழுவதையும் தூக்கத்தில் கடந்துவிடுவீர்கள். விடுமுறை குறைவாக உள்ளவர்களுக்கு இதுவே சரியான வழி.

படுக்கையில் இரண்டு வகை. ‘கடினப் படுக்கை’ என்ற பெயர் பயமுறுத்தினாலும் மெத்தை உண்டு. ஒரு தடுப்புக்கு ஆறு படுக்கை, கதவு இல்லை. நம் மூன்றடுக்கு ஏசி போலத்தான். ‘மென்படுக்கை’யில் நான்கு பேர், கதவு உண்டு. குடும்பமாகப் போனால் மென்படுக்கை. தனியாகப் போகிறவர் கடினப் படுக்கையில் கீழ்ப்படுக்கை கேளுங்கள். மேல்படுக்கையில் நிமிர்ந்து உட்கார முடியாது.

ஒவ்வொரு பெட்டியிலும் வெந்நீர் இயந்திரம் இருக்கும். சீனர்கள் பிளாஸ்க்கும் கோப்பை நூடுல்ஸுமாக அங்கேதான் கூடுவார்கள். கலந்தால் ஆகிவிடும் உப்புமாப் பொட்டலம் நான்கைந்து கொண்டுபோனால் சைவர்களுக்குக் கவலை இல்லை. நான் பருப்புப்பொடியும் கொண்டுபோயிருந்தேன். எதிர்ப் படுக்கைப் பாட்டி அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, தன் நூடுல்ஸில் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். மறுபடியும் கேட்டார்.

ஸ்டேஷனுக்குள் நுழைவது

வண்டி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு போய்விடுங்கள். பைகளும் நீங்களும் சோதனைக்குள்ளாவீர்கள். கத்தி வாங்கி வைத்துக்கொள்வார்கள். 150 மில்லிக்கு மேற்பட்ட ஸ்பிரே டப்பாவையும் விடமாட்டார்கள். வாசனைத் திரவியத்துக்கு வரம்பு 100 மில்லிதான். காகித டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட். உள்ளூர்க்காரர்கள் அட்டையைத் தேய்த்துக்கொண்டு இயந்திர வாசல் வழியே பாய்ந்து போவார்கள். அந்த வரிசையில் நின்று நேரத்தை வீணாக்காமல், ஓரத்தில் ஊழியர் நிற்கும் வாசலுக்குப் போங்கள். வண்டி கிளம்புவதற்குச் சில நிமிடங்கள் முன்பே வாசலை மூடிவிடுவார்கள். ஓடும் வண்டியில் தொற்றி ஏறும் நம் கலை அங்கே செல்லாது.

செல்பேசியில் செய்ய வேண்டியதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள். அலிபே, வீசாட் இரண்டிலும் வெளிநாட்டில் செல்லும் விசா அல்லது மாஸ்டர் அட்டையை இணைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸி முதல் தர்பூசணி வரை எல்லாம் அதில்தான். கூகுள் வரைபடமும் வாட்ஸ்அப்பும் சீன இணைய இணைப்பில் வேலை செய்யாது. உங்கள் ஊர் சிம்மில் ரோமிங் போட்டிருந்தால் வேலை செய்யும். விடுதியின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் படமாகச் சேமித்து வைத்திருங்கள். டாக்ஸிக்காரரிடம் உங்கள் உச்சரிப்பைவிட அந்தப் படம் நன்றாகப் பேசும்.

விமானமா?

நேரம் குறைவாக இருந்தால் விமானம்தான். ஷீஆனிலிருந்து இரண்டரை மணி நேரம், லான்சோவிலிருந்து இரண்டு மணிக்குள். விமான நிலையம் ஊரிலிருந்து 13 கிலோமீட்டர்தான். ஆனால் லான்சோ விமான நிலையம் லான்சோ ஊரிலிருந்து 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊருக்குள் தங்கிவிட்டு விமானத்தைப் பிடிப்பவர்கள் அந்த நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

போகும்போது தரைவழி, திரும்பும்போது விமானம் என்பதே என் கட்சி. பாலைவனத்துச் சோலையின் மதிப்பு, நாள் முழுக்கப் பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவருக்குத்தான் தெரியும். பகல் வண்டியில் ஆறு மணி நேரம் சாம்பல் நிறச் சரளையைப் பார்த்துச் சலித்தபின், சாலையோரம் திடீரென்று நெட்டிலிங்கம் போல் உயர்ந்த பாப்லர் மரவரிசையும் வாய்க்கால் தண்ணீரும் வரும்போது, ஒட்டகக்காரர்கள் இந்த ஊரைக் கண்டு ஏன் குகை குடைந்து நன்றி சொன்னார்கள் என்பது புரியும். விமானத்தில் போனால் அது ஒரு பச்சைத் திட்டு.

மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிறவர்களுக்கு

சின்ஜியாங்கைச் சுற்றிவிட்டு வருகிறவர்கள் துர்ஃபான் வடக்கு ஸ்டேஷனில் ஏறி லியூயுவான் தெற்கில் இறங்கலாம். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். சின்ஜியாங் ஸ்டேஷன்களில் சோதனை மற்ற இடங்களைவிடக் கடுமை. கூடுதலாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே திபெத் பீடபூமிப் பக்கமிருந்து கோல்முட்–துன்ஹுவாங் ரயில் பாதை 2019 டிசம்பர் 18 அன்று முழுமையாகத் திறக்கப்பட்டது. 671 கிலோமீட்டர். தாங்ஜின் மலையின் அடியில் 20 கிலோமீட்டர் சுரங்கம். லான்சோவுக்குத் திரும்பாமல் வட்டமாகச் சுற்றிவர நினைப்பவர்களுக்கு இது பெரிய வரம். வண்டிகள் குறைவு, அவற்றைச் சுற்றித்தான் திட்டம் போட வேண்டும்.

சொந்தமாகக் கார் ஓட்டிப் போகும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியைச் சீனா ஏற்பதில்லை. ஓட்டுநரோடு வாடகைக்கு எடுக்கலாம்.

ஊருக்குள் வந்தபின்

துன்ஹுவாங் சின்ன ஊர். இரவுச் சந்தையைச் சுற்றித் தங்கினால் பாதித் தேவை நடையிலேயே முடியும். முதலில் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள், கையில் இருப்பதை அல்ல, மனதில் இருப்பதை. சீனா முழுவதும் பெய்ஜிங் நேரம். துன்ஹுவாங்கோ வெகு மேற்கே. ஜூனில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணியைத் தாண்டும். டிசம்பரில் காலை ஒன்பது மணிக்குத்தான் விடியும். ‘மாலை ஆறு மணிக்கு மணல்மேட்டில் சூரிய அஸ்தமனம்’ என்று நம் ஊர்க் கணக்கில் போனால், உச்சி வெயிலின் மிச்சம் உங்களைப் பொரித்துவிடும்.

மொகாவ் குகைகள் ஊரிலிருந்து 25 கிலோமீட்டர். ஆனால் ‘ஏ’ டிக்கெட்காரர்கள் நேராகக் குகைக்குப் போகக் கூடாது. ரயில், விமான நிலையங்களுக்கு அருகே உள்ள எண்ணியல் காட்சி மையத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். அங்கே இரண்டு படங்கள் காட்டியபின் அவர்களுடைய பஸ்ஸே குகைக்கு அழைத்துச் செல்லும். டாக்ஸிக்காரரிடம் ‘மொகாவ்’ என்று மட்டும் சொன்னால் அவர் எங்கே கொண்டுபோய் விடுவார் என்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. குகைக்குள் படமெடுக்க அனுமதி இல்லை. 1900-ல் வாங் யுவான்லு என்ற தாவோயிசத் துறவி கண்ட சுவடி அறை, 17-ஆம் எண் குகை. 1907-ல் ஆரல் ஸ்டைன் என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர் அங்கிருந்து ஆயிரக்கணக்கான சுவடிகளை லண்டனுக்குக் கொண்டுபோனார்.

பாடும் மணல் மலையும் பிறைநிலாக் குளமும் ஊருக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டர். 3-ஆம் எண் நகரப் பேருந்து வாசலில் விடும். அங்கே கடைசி வாகனம் ஒட்டகம். கூட்டம் அவ்வளவு பெருகிவிட்டதால் 2021-ல் ஒட்டகங்களுக்கென்றே போக்குவரத்து விளக்கு வைத்தார்கள். பச்சை விளக்கில் ஒட்டகப் படம் எரியும். ஒட்டகம் போகும், மனிதர் நிற்க வேண்டும்.

ஹான் காலத்து எல்லைக் காவல் வாயிலான யூமென் ஊருக்கு வடமேற்கே 90 கிலோமீட்டர் அளவில். அதைத் தாண்டி, காற்று செதுக்கிய யார்தாங் மண்மேடுகள் 180 கிலோமீட்டர். இந்தத் திசையில் நகரப் பேருந்து இல்லை. விடுதியில் சொன்னால் நான்கு பேரைச் சேர்த்து ஒரு நாள் காராக ஏற்பாடு செய்வார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் இரவுச் சந்தையில், காய்ந்த ஆப்ரிகாட் தோலைக் கொதிக்கவைத்து ஆறவைத்த புளிப்புநீர் கிடைக்கும். நம் பானகத்துக்குத் தூரத்து உறவு. இரண்டு கோப்பை குடிப்பீர்கள்.

திரும்பும் நாள்

துன்ஹுவாங்கிலிருந்து கிளம்பும் அதே நாளில் வெளிநாட்டு விமானத்தைப் பிடிப்பதாக வைக்காதீர்கள். புழுதி கிளம்பினால் இந்தச் சின்ன விமான நிலையம் நாள் முழுக்க முடங்கிவிடும். ஷீஆனில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள். பவர் பேங்கையும் பாருங்கள்: 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் ‘3சி’ என்ற சீனத் தரமுத்திரை இல்லாத பவர் பேங்கை அனுமதிப்பதில்லை. நம் ஊரில் வாங்கியவற்றில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது. முத்திரை உள்ளதை லான்சோவிலேயே வாங்கிக்கொண்டால், விமான நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியிருக்காது.

இருக்கை கேட்கும்போது இந்த முறை வலப்பக்க ஜன்னல். கிழக்கே பறக்கும்போது சீலியன் மலையின் பனி அந்தப் பக்கம்தான் தெரியும்.